துறைமுகத்தின் பின்வாசல்

திருகோணமலைக்குச் செல்வோர் பார்க்க வேண்டியவை இன்னின்னவை என்று ஒரு நிரல் வழக்கில் உண்டு. கோணேசர் கோயில், இராவணன் வெட்டு, பிரெடெறிக் கோட்டை, கன்னியாயின் ஏழு வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளிக் கடற்கரை என்பன அந்நிரலில் அடங்கும். நாமும் அவற்றையெல்லாம் முறைப்படி பார்த்தோம். அவற்றைப் பற்றி முன்னோர் எழுதியதற்கு மேலாக எழுத எம்மிடம் ஒன்றுமில்லை. இங்கே எழுதப் புகுவது அந்நிரலில் இடம்பெறாத ஒன்றைப் பற்றி. ஒரு லொறியின் முன்னாசனத்தில் அமர்ந்து கழித்த ஓர் இரவைப் பற்றி.

அது நேர்ந்த விதம் பெருமைக்குரியதன்று. கொழும்புக்குச் செல்லும் இரவுப் புகையிரதத்தைத் தவறவிட்டோம். குற்றம் முழுவதும் எம்முடையதே. கோட்டை வாசலில் மேயும் புள்ளிமான்களை வேடிக்கை பார்த்து நின்றதில் பொழுது போனது தெரியவில்லை. மணி ஏழாகிவிட்டது. இனி என்ன செய்வதென்று விழித்து நின்ற வேளையில், எமக்கு அறிமுகமான தேநீர்க்கடைக்காரர் ஒருவர் கைகொடுத்தார். "சீனன்குடாவிலிருந்து தம்புள்ளைக்கு ஒரு லொறி போகிறது. தம்புள்ளையில் இறங்கினால் கொழும்புக்கு எந்நேரமும் பஸ் இருக்கும்" என்று கூறி, முச்சக்கர வண்டியொன்றில் எம்மை ஏற்றி அனுப்பியும் வைத்தார்.

பத்துத் தொன் பாரம் ஏற்றக்கூடிய லொறி அது. ஐம்பது கிலோ கோதுமை மா மூடைகள் இருநூறு அதன் முதுகில் அடுக்கப்பட்டிருந்தன. நாட்டாமைமார் வேலையை முடித்துக்கொண்டு குழாயடியில் முகங்கழுவி நின்றனர். இருபத்துமூன்று வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் மூடைகளின் மேல் படங்கை விரித்துக் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முடிச்சையும் இட்ட பின்னர் இரு கைகளாலும் அதில் தொங்கிப் பார்த்தார். லொறியின் முன்புறத்தில் சிவப்பு நிறத்தில் 'எல்' பலகை ஒன்று தொங்கிற்று. பத்துத் தொன் பாரத்தின் நெற்றியில் அவ்வெழுத்தைக் கண்டதும் எமக்குச் சற்றே அச்சம் உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்?

"பயப்படாதீங்கோ ஐயா. பாதித் தூரம் நான், பாதித் தூரம் தம்பி" என்று சிரித்தார் மூத்த சாரதி. அவர் கிண்ணியாவைச் சேர்ந்தவர், வயது ஐம்பத்தெட்டு, நாற்பது ஆண்டுகளாக லொறியோடு வாழ்பவர். இளைஞர் தம்பலகாமத்தவர், சில ஆண்டுகள் கிளீனராக வேலை செய்து, இப்போது கனரக வாகனம் ஓட்டப் பழகுபவர். மூத்தவரை இளையவர் 'நானா' என்றழைத்தார். அவர் இவரைத் 'தம்பி' என்றார். பத்திரிகையில் பெயர் வர வேண்டாமென்று இருவருமே கேட்டுக்கொண்டமையால், நாமும் இக்கட்டுரையில் நானா என்றும் தம்பி என்றுமே குறிப்பிடுவோம்.

புறப்படுமுன் அவ்விடத்தைப் பற்றிச் சில சொற்கள். சீனன்குடா, திருகோணமலை உட்துறைமுகத்தின் நிலப்பக்க ஓரத்தில் உள்ளது. 1980ஆம் ஆண்டளவில் இயங்கத் தொடங்கிய பிறிமா மா ஆலை இங்கேதான் இருக்கிறது. வெளிநாட்டுக் கப்பல்களில் தானியமாக வந்திறங்கும் கோதுமை, இங்கே மாவாகி, மூடையாகி, புகையிரதத்திலும் லொறியிலும் நாட்டின் நாற்றிசைக்கும் செல்கிறது. எங்கோ ஒரு மலைநாட்டுத் தோட்டத்து லயத்தில் விடியற்காலையில் சுடப்படும் றொட்டிக்குப் பின்னால் இந்தக் குடாவும், இத்தகைய லொறியொன்றும் இருக்கக்கூடும்.

துறைமுகத்தின் பெருமை உலகறிந்தது. மகாவலி கங்கை வந்து விழும் கொட்டியாரக் குடாவின் வடபால், குன்றுகள் சூழ, காற்றும் அலையும் எளிதிற் புகாவண்ணம் இயற்கையே அமைத்துக் கொடுத்த உட்துறைமுகம் அது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய யாவரும் இதன்மேற் கண்வைத்தனர். 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்த பின்னர், பிரித்தானியரின் கிழக்குக் கடற்படை நம்பியிருந்த துறைகளுள் இதுவும் ஒன்றாயிற்று. 1957இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது.

இத்துணைச் சிறப்பிருந்தும் நாட்டின் வாணிபம் இங்கே வரவில்லை, கொழும்புக்கே சென்றது. இது எமக்கு நெடுநாளாக ஒரு புதிராகவே இருந்தது. கொழும்பின் கடலோ திறந்த கடல். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அங்கே கப்பல்கள் நிலைகொள்ளாது ஆடின. 1875இல் அடிக்கல் நாட்டி 1885இல் கட்டி முடித்த அலைதடுப்பணையே அதனை உருப்படியான துறைமுகமாக்கிற்று. வாய்த்திருந்த துறையை விட்டுவிட்டு, இல்லாத துறையைக் கல்லைக் கொட்டி உண்டாக்கியது ஏன்? கோப்பியும் பின்னர் தேயிலையும் விளைந்த மலைநாட்டிலிருந்து கொழும்புக்கு மாட்டுவண்டி வீதி இருந்தது. 1867 முதல் கண்டிக்குப் புகையிரதமும் இருந்தது. திருகோணமலைக்குப் பின்னால் இருந்ததோ காடு. புகையிரதம் இங்கே வந்து சேர்ந்தது 1927இலேதான். கப்பல் தங்குவதற்கு ஆழமான நீர் போதும். கப்பலில் வந்த பொருள் ஊர்போய்ச் சேர்வதற்கு வீதி வேண்டும். துறைமுகத்தின் பாதி நிலத்திலே இருக்கிறது என்பதை நாம் விளங்கிக்கொண்டது புத்தகத்தில் அன்று. அந்த லொறியின் முன்னாசனத்திலேதான்.

நிற்க. நானா சாரதி ஆசனத்தில் ஏறினார். தம்பி நடுவிலும் நாம் இடப்புறச் சாளரத்தருகிலும் அமர்ந்தோம். இயந்திரம் உறுமிற்று, ஆனால் லொறி நகரவில்லை. ஏதேனும் பழுதோ என்று கேட்டோம். "காற்று நிரம்ப வேணும் ஐயா" என்றார் தம்பி. பெரிய லொறிகளின் பிறேக் காற்றழுத்தத்தால் இயங்குவது. கலத்திலே காற்றுக் குறைந்திருந்தால் பிறேக் தானாகவே சில்லுகளை இறுகப் பிடித்துக்கொள்ளும். போதிய காற்று நிரம்பிய பின்னர்தான் விடுவிக்கும். "காரில் பிறேக் பிடிக்க வேண்டுமானால் நாம் மிதிக்க வேண்டும். இதிலே, பிடித்தபடி இருப்பதுதான் இயல்பு. ஓடுவதற்குத்தான் அனுமதி கேட்க வேண்டும்" என்று அவர் விளக்கினார். காற்றுமானியின் முள் மெல்ல மெல்ல ஏறிற்று. மூவரும் பேசாமல் அதையே பார்த்திருந்தோம்.

சீனன்குடாவின் காட்டுக்குள்ளே பிரித்தானியர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. அவற்றுள் எஞ்சியிருப்பவை 99. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12 ஆயிரம் கிலோலீற்றர், அஃதாவது ஒரு கோடியே இருபது இலட்சம் லீற்றர் கொள்ளக்கூடியது. 1942 ஏப்ரல் 9ஆந் தேதி ஜப்பானியர் குண்டு வீசியபோது, விமானமொன்று வந்து விழுந்து ஒரு தாங்கி எரிந்தழிந்தது. மற்றவற்றுட் பல, பல்லாண்டுகளாக வெறுமையாய்க் கிடந்து, மரமும் கொடியும் மூட நின்றன. அவற்றைச் சீர்செய்து பயன்படுத்துவதற்கென இந்தியாவுடன் உடன்படிக்கை கைச்சாத்தானது 2022 ஜனவரியில். அதே ஆண்டின் நடுப்பகுதியில் நாடெங்கும் எரிபொருள் இன்றி வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

"அந்த வரிசையிலேதான் ஐயா நான் லொறி ஓட்டப் பழகினேன்" என்றார் தம்பி.

நாம் அது வேடிக்கைப் பேச்சென்று எண்ணினோம். உண்மையாகவே நடந்ததாம். டீசலுக்காக நான்கு பகலும் மூன்று இரவும் காத்து நின்றார்கள். அப்போது அவர் கிளீனர். லொறியின் கீழே பாய் விரித்து நித்திரை. மணிக்கொரு தடவை வரிசை பத்தடி நகரும். ஒவ்வொரு தடவையும் நானாவை எழுப்ப மனம் வரவில்லை. "நீயே ஏறு" என்றாராம் நானா. கிளச்சை மிதித்து, முதலாம் கியரைப் போட்டு, பத்தடி நகர்த்தி, முன்னாலிருக்கும் வண்டியில் முட்டாமல் நிறுத்த வேண்டும். நூறு முறைக்கு மேல் அவ்வாறு செய்திருப்பார். "மற்றவர்கள் ஓட்டப் பழகிவிட்டு நிறுத்தப் பழகுவார்கள். எனக்கு முதலில் நிறுத்தத்தான் தெரியும். மூன்றாம் கியர் எப்படியிருக்கும் என்று ஒரு மாதத்துக்குப் பிறகுதான் கண்டேன்."

நானா வீதியை விட்டுக் கண்ணெடுக்காமல் சிரித்தார். "பாரமேற்றிய லொறியின் வேகம் இரண்டு மடங்கானால், நிற்க எடுக்கும் தூரம் நாலு மடங்காகும். இதைப் படித்தவர்களும் மறந்துபோகிறார்கள். இவனுக்கு அது காலிலேயே இருக்கிறது."

சாரதித் தொழிலில் பாதி காத்திருத்தலே என்பதை அன்றிரவு பலமுறை கேட்டோம். பாரம் ஏற்றக் காத்திருத்தல், இறக்கக் காத்திருத்தல், புகையிரதக் கடவையில் காத்திருத்தல். அப்பேச்சிடையே எமக்கு ஒரு பழஞ்செய்தி ஞாபகத்துக்கு வந்தது. அமெரிக்காவில் மல்கம் மக்லீன் என்றொரு லொறிக்காரர் இருந்தார். 1937இல் பருத்திப் பொதிகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுசென்று, அவற்றை ஒவ்வொன்றாக இறக்கிக் கப்பலில் ஏற்றும் வரை பகல் முழுதும் காத்துக்கிடந்தாராம். லொறியின் பெட்டியையே அப்படியே தூக்கிக் கப்பலில் வைத்துவிட்டால் என்ன என்ற எண்ணம் அப்போது உதித்ததாகப் பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். 1956 ஏப்ரல் 26ஆந் தேதி அவருடைய 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பல் 58 பெட்டிகளுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. இன்று உலகக் கடல்களில் ஓடும் கொள்கலன் கப்பல்களுக்கு அதுவே தொடக்கம் எனலாம். இக்கதையைச் சொன்னபோது தம்பி மிகக் கவனமாகக் கேட்டார். "அவரும் கிளீனராக இருந்துதான் வந்தாரா?" என்று வினவினார். எமக்கு விடை தெரியவில்லை. சொந்தமாக ஒரு பழைய லொறி வாங்கித் தாமே ஓட்டித் தொழில் தொடங்கியவர் என்று மட்டும் சொன்னோம்.

இந்த வீதியில் ஊர்களுக்கு மைற்கல்லின் பெயரே வழங்குகிறது. நாடு கிலோமீற்றருக்கு மாறிப் பல்லாண்டுகள் கடந்தும் மக்கள் 'கட்டை'யை விடவில்லை. தம்பலகாமத்தில் 99ஆம் கட்டை. முள்ளிப்பொத்தானையில் 95ஆம் கட்டை. 99ஆம் கட்டைச் சந்தியை நெருங்கியதும் நானா வேகத்தைக் குறைத்தார். மூடியிருந்த கடையொன்றின் விளக்கடியில் ஓர் அம்மையார் நின்றிருந்தார். தம்பியின் தாயார். லொறி முற்றாக நிற்குமுன்பே சோற்றுப் பார்சல்களைச் சாளரத்தின் வழியே நீட்டினார். எம்மைக் கண்டதும், ஒரு பார்சல் குறைவாயிற்றே என்று வருந்தினார். பிறகு மறுபுறம் சென்று, "நானா, பிள்ளை கவனம்" என்றார். "இன்றைக்கு அவன்தான் என்னைக் கவனிக்க வேணும்" என்று நானா பதிலிறுத்தார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். வாரத்தில் மூன்று இரவுகள் இவ்வாறு நடக்குமாம். ஊர் வழியாகவே போய்வரும் தம்பி, பகல் வெளிச்சத்தில் தம் வீட்டைப் பார்ப்பது அரிது.

தம்பலகாமத்து வயல்கள் இருளில் தெரியவில்லை. ஈரமண்ணின் மணம் மட்டும் வந்தது. கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்கள் அவை. கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்த குளக்கோட்டனே கந்தளாய்க் குளத்தையும் கட்டுவித்து, வயல்களைக் கோயிலுக்கு உரித்தாக்கினான் என்பது இப்பகுதி மக்கள் வழிவழி சொல்லிவரும் மரபு. அக்குளம் 1986 ஏப்ரல் 20ஆந் தேதி அதிகாலையில் உடைத்துக்கொண்டு, நூற்றுக்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்டு சென்றது. நானா அப்போது பத்தொன்பது வயதுக் கிளீனர். அரிசி மூடைகளோடு வந்த அவர்களுடைய லொறி சேற்றில் புதைந்ததையும், எஞ்சிய தூரம் மூடைகளைத் தோளில் சுமந்ததையும் சொன்னார். "அன்றைக்குத்தான் வீதி என்றால் என்ன என்று எனக்கு விளங்கிற்று" என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

யுத்த காலத்தைப் பற்றியும் அவர் சுருக்கமாகவே பேசினார். சோதனைச் சாவடியில் மூடை முழுவதையும் இறக்கிக் காட்டி மறுபடி ஏற்றியது, ஒரே இரவில் இரண்டு முறை அவ்வாறு நேர்ந்தது, வீதி மூடப்பட்டு வாரக்கணக்கில் வீட்டில் இருந்தது. ஆனால், கிண்ணியாத் துறையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் அவருடைய குரலே மாறிவிட்டது. கிண்ணியாவுக்குப் பாலம் வந்தது 2009 ஒக்டோபரில். 396 மீற்றர் நீளம். அதற்கு முன்னர் தோணியும், வாகனங்களை ஏற்றும் மிதவையும்தான். அம்மிதவையைக் கிழக்கு மாகாணத்தார் 'பாதை' என்று சொல்வர். அச்சொல்லின் பொருத்தத்தை எண்ணி வியந்தோம். நீரின் மேல் நகர்ந்து வந்து கரையில் பொருந்தும் ஒரு துண்டு வீதி அல்லவா அது! வீட்டில் மனைவிக்குப் பிள்ளைப்பேறு நெருங்கியிருக்க, அக்கரையில் லொறியை நிறுத்திவிட்டு, பாதை வராமல் விடியும்வரை நானா நின்றிருக்கிறார். எதிர்க்கரையில் தம் வீட்டுத் தெருவின் விளக்குத் தெரிந்ததாம். பாலங்கள் இன்னும் எல்லாத் துறைகளுக்கும் உரிய காலத்தில் வந்துவிடவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2021 நவம்பர் 23ஆந் தேதி, கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில், பாலவேலை நடந்துகொண்டிருந்த வேளையில், அத்தகைய மிதவையொன்று கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உள்ளிட்டோர் உயிரிழந்தனர்.

கந்தளாயில் தேநீருக்கு நிறுத்தினோம். தயிர்ச்சட்டிகள் அடுக்கிய கடையொன்றின் முன்றிலில் நானா கைகால் கழுவித் தொழுகைக்கு ஒதுங்கினார். அவ்வேளையில் தம்பி எம் அருகே வந்தமர்ந்து, பிளேன்ரீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயாவிடம் ஒன்று கேட்கலாமா?" என்றார். "ஒரு மனிதரிடம் படித்த தொழிலை எடுத்துக்கொண்டு வேறெங்கும் போவது பிழையா?"

விஷயம் இதுதான். நானாவின் கண்களில் ஏதோ படர்கிறது. எதிரே வரும் விளக்கு ஒன்று அவருக்கு இரண்டாகத் தெரிகிறது. (சீனன்குடாவிலிருந்து வரும் வழியில் ஒவ்வோர் எதிர்வண்டிக்கும் அவர் கண்ணைச் சுருக்கியதை நாமும் கவனித்திருந்தோம்.) அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க மருத்துவப் பரிசோதனை வரப்போகிறது, இனி இரவோட்டம் அவருக்கில்லை. லொறியின் சொந்தக்காரருக்கு இருப்பது இந்த ஒரு லொறியே. தம்பி பரீட்சையில் தேறினால் லொறியை அவர் கையில் ஒப்படைப்பதாகவும், நானாவைப் பகலோட்டத்துக்கும் கணக்குவழக்குக்கும் வைத்துக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறார். சாரதி இல்லாவிட்டால் லொறியை விற்றுவிடுவாராம்.

தம்பியின் கணக்கோ வேறு. கனரக அனுமதிப்பத்திரம் கிடைத்ததும் கட்டாருக்குச் செல்வது. தங்கைக்கு வயது இருபது. தாயார் வாங்கிய கடன் இருக்கிறது. இங்கே ஓர் ஓட்டத்துக்குக் கிடைப்பது செலவு போகச் சொற்பம். "லொறிக்காரன் என்றால் பெண் கொடுக்கவும் யோசிக்கிறார்கள். கட்டாரில் லொறிக்காரன் என்றால் யோசிப்பதில்லை" என்றார். அதில் கசப்பு இருந்ததாகத் தெரியவில்லை. உள்ளதைச் சொல்வதுபோலவே சொன்னார். ஊரில் உள்ள முகவரிடம் விபரங்கூடக் கேட்டு வந்துவிட்டார். நானாவிடம் மட்டும் சொல்லவில்லை.

"தொழில் பிடிக்கவில்லையா?" என்று கேட்டோம்.

அவர் சற்று யோசித்தார். "பிடிக்கும் ஐயா. அதுதான் கஷ்டம். விடியற்காலை நாலு மணிக்கு அபறணைக் காட்டில் போகும்போது, இந்த உலகத்தில் நான் ஒருவன்தான் விழித்திருக்கிறேன் என்று தோன்றும். பின்னால் இருநூறு மூடை. அதை யாரோ காலையில் தின்னப்போகிறார்கள். அவர்களுக்கு என்னைத் தெரியாது. எனக்கு அது நன்றாக இருக்கும். ஆனால் அந்த நாலு மணிக்குத்தான் நித்திரையும் வந்து கண்ணைப் பொத்தும். பயமும் அப்போதுதான். இரண்டும் ஒரே நேரத்தில் வரும்."

அவருடைய வினாவுக்கு எம்மிடம் தக்க விடை இருக்கவில்லை. பிழையில்லை என்று சொல்வது எளிது. ஆயினும், தொழுகை முடித்து, படங்கின் கயிற்றைத் தடவிப் பார்த்தபடி இருளில் வரும் அம்மனிதரைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்ல நா எழவில்லை. அவர் வந்து திறப்பைத் தம்பியிடம் கொடுத்தார்.

கந்தளாய்க்கு அப்பால் காடு தொடங்குகிறது. அக்போபுர, அளுத்ஓயா என்னும் சிற்றூர்களைத் தாண்டினால் அபறணை வரை இருபுறமும் மரங்களே. கொட்டியாரத்திலிருந்து கண்டி இராச்சியத்துக்குள் சென்ற பழைய காட்டுவழிகளும் இந்த வனங்களை ஊடறுத்தே சென்றிருக்க வேண்டும். 1659இன் இறுதியில், புயலில் பாய்மரம் முறிந்த ஓர் ஆங்கிலக் கப்பல் கொட்டியாரக் குடாவுக்குள் பழுதுபார்க்க வந்தது. அதிலிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞர், மறு ஆண்டில் தந்தையுடன் மூதூரில் பிடிபட்டு, கண்டியரசனின் நாட்டுக்குள் கொண்டுசெல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பதளவில். மீண்டு வெளியேற அவருக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்தன. 1681இல் இலண்டனில் வெளியான அவருடைய நூலை அறியாத சரித்திர மாணவர் இலர். துறைமுகத்துக்கு வந்த இளைஞரொருவரை அதன் பின்வாசல் எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடுகிறது என்று எண்ணியபடி இருந்தோம்.

நானா கண்மூடிச் சாய்ந்திருந்தார். தம்பி நாற்பது கிலோமீற்றர் வேகத்தை மீறவில்லை. நள்ளிரவு கடந்திருக்கும். திடீரென்று, ஆனால் சிறிதும் அதிர்வின்றி, லொறி வேகங் குறைந்து நின்றது. நாம் முன்னே பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை. பின்னர் வீதியின் ஒருபகுதி மற்றப் பகுதியைவிடக் கறுத்திருப்பது தெரிந்தது. அது யானை. ஐம்பது அறுபது யார் தூரத்தில், வீதியின் குறுக்கே, எம்மைப் பாராமல் நின்றது.

தம்பி பெருவிளக்கைத் தாழ்த்தினார். இயந்திரத்தை நிறுத்தவில்லை, கோர்ன் அடிக்கவில்லை. பின்னாலே வந்து நின்ற வான் ஒன்று பொறுமையிழந்து இருமுறை ஒலியெழுப்பிற்று. யானையின் காதுகள் விரிந்தன. எம் நெஞ்சு அடித்துக்கொண்ட ஓசை எமக்கே கேட்டது. தம்பி பின்னோக்குக் கியரைப் போட்டார். ஆனால் நகர்த்தவில்லை, பின்னால் வான் நின்றது. நானாவைப் பார்த்தோம். கண்கள் மூடியே இருந்தன. இடக்கை மட்டும் தம்பியின் ஆசனத்தருகே இருந்த கைப்பிறேக்கின் மேல் இருந்தது. எப்போது அங்கே சென்றதோ தெரியாது.

இருபது நிமிடம் அவ்வாறு நின்றோம். 2011ஆம் ஆண்டில் எடுத்த கணக்கின்படி இலங்கையில் அப்போது 5,879 காட்டு யானைகள் இருந்தன. அவற்றுக்கும் மனிதருக்கும் நடக்கும் வழக்கோ ஆண்டுதோறும் இருபுறமும் உயிர்களைத் தின்கிறது. இந்தக் காட்டை ஊடறுத்து வீதி போட்டவர்கள் நாம்; அது தன் வழியே போய்க்கொண்டிருக்கிறது. இவ்வாறெல்லாம் வீட்டிலிருந்து எழுதுவது சுலபம். அன்று எம் மனத்தில் இருந்தது ஒரே பிரார்த்தனை: அது போய்விட வேண்டும். ஈற்றில் அது வீதியோரப் புல்லைச் சிறிது பிடுங்கி, நிதானமாக மறுபுறத்து இருளுக்குள் இறங்கிற்று. தம்பி உடனே புறப்படவில்லை. மேலும் ஐந்து நிமிடம் இருந்தார். அவர் எண்ணியது சரியே. குட்டியுடன் இன்னொன்று கடந்து சென்றது.

லொறி நகர்ந்து ஒரு கிலோமீற்றர் சென்ற பின்னர், கண்ணைத் திறக்காமலே நானா பேசினார். "விளக்கைத் தாழ்த்தியது சரி. இரண்டாவது வருமென்று பார்த்திருந்தது சரி. நின்றவுடன் பின்விளக்கை மின்ன விட்டிருக்க வேணும். வான்காரனுக்கு யானை தெரியாது, உன் முதுகுதான் தெரியும்."

"சரி நானா" என்றார் தம்பி.

அபறணைச் சந்தியைக் கடந்து தம்புள்ளையை அடைந்தபோது மணி இரண்டு. நாடு உறங்கும் வேளையில் தம்புள்ளை விழித்திருக்கும். 1999இல் அங்கே பொருளாதார மத்திய நிலையம் ஏற்பட்டதிலிருந்து, மலைநாட்டுக் கரட்டும் கோவாவும், சமவெளியின் பூசணியும் வெங்காயமும் அங்கே வந்து குவிந்து, லொறி மாறிப் பிரிந்து செல்கின்றன. மாவை விடிந்ததும் மண்டியில் இறக்கிவிட்டு, மரக்கறி ஏற்றிக்கொண்டு மாலையில் திருகோணமலைக்குத் திரும்புவது அவர்களுடைய வழக்கம். வெறும் லொறியாகத் திரும்பினால் டீசற்காசுக்கே கட்டாதாம்.

மூவரும் வீதியோரக் கடையொன்றில் பாணும் பருப்பும் சம்பலும் உண்டோம். தம்பியின் தாயார் கொடுத்த பார்சல்களையும் மூன்றாகப் பகிர்ந்துகொண்டோம். கொழும்புப் பஸ் வரப் பதினைந்து நிமிடம் இருந்தது. தம்பி கைகழுவச் சென்று திரும்பி வந்து அமர்ந்தார். அப்போது நானா, தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி, வானிலையைப் பற்றிப் பேசுவது போன்ற குரலில் சொன்னார்:

"கட்டாரிலே வலப்பக்கமாக ஓடுவார்களாம். ஸ்டியரிங் இடப்பக்கம். இங்கே சாரதிக்கு மறைகிற பக்கம் இடது, அங்கே வலது. நாளையிலிருந்து அதையும் மனத்தில் வைத்துக் கண்ணாடி பார்த்துப் பழகு."

தம்பி தலைநிமிரவில்லை. நெடுநேரம் கழித்து, "யார் சொன்னது நானா?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் சொல்லவில்லை. நாலு மாதமாக நீ என்னிடம் சம்பளக் கணக்குக் கேட்கவில்லை." பின்னர் எம் பக்கம் திரும்பி, "பஸ் வருகிறது ஐயா" என்றார்.

பஸ்ஸின் சாளரத்திலிருந்து பார்த்தோம். மண்டியின் வரிசை நகரத் தொடங்கியிருந்தது. நானா கீழே நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். தம்பி சாரதி ஆசனத்தில் இருந்தார், இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, காற்று நிரம்பும் வரை அவர் முள்ளைப் பார்த்திருந்தார்.